போர்லாக்கின் புகழை நிறுத்துப் பார்த்தால்

கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணோடு தொடங்குகிறார்கள்: நூறு கோடி உயிர்களைக் காத்தவர். அந்த எண்ணை நான் ஏற்கவில்லை. அவர் இல்லாதிருந்தால் எவ்வளவு நிலம் புதிதாக உழப்பட்டிருக்கும், வேறு யார் என்ன ரகம் கொண்டுவந்திருப்பார்கள், எந்த நாடு எங்கிருந்து தானியம் வாங்கியிருக்கும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அப்படி ஒரு தொகையைச் சொல்ல முடியும். அவரை மதிக்கிறவர்கள் பார்க்க வேண்டியது அவர் வயலில் செய்த வேலையை.

1944இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் திட்டத்துக்காக அவர் மெக்சிகோ போனபோது அங்கே கோதுமையை அழித்துக்கொண்டிருந்தது தண்டுத் துருநோய். எதிர்ப்புத்திறனுள்ள புதிய ரகம் ஒன்று உருவாகப் பத்து ஆண்டுகளாவது ஆகும். போர்லாக் ஆண்டுக்கு இரண்டு பட்டம் விதைத்தார். குளிர்காலத்தில் வடமேற்கே யாக்கி பள்ளத்தாக்கின் தாழ்ந்த சமவெளியில். கோடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், டொலூக்கா அருகே 2,600 மீட்டர் உயரத்தில். அறுத்த விதைக்கு ஓய்வு கொடுத்த பிறகே மறுபடி விதைக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். மேலதிகாரி ஜார்ஜ் ஹாரர் மறுத்தார். போர்லாக் வேலையை விடவும் துணிந்தார். பிறகுதான் அனுமதி கிடைத்தது. காலம் பாதியாகக் குறைந்ததோடு நிற்கவில்லை. மண், மழை, நோய், பகல் நீளம் எல்லாம் மாறுபட்ட இரண்டு இடங்களிலும் தேறிய செடிகள், பகல் நீண்டாலும் குறுகினாலும் கதிர் விட்டன. மெக்சிகோவில் பிறந்த கோதுமை பஞ்சாபில் விளைந்ததற்கு இது முக்கியக் காரணம். தேடிப்போகாமல் கிடைத்த பலன்தான். ஆனாலும் அவருடைய தலையாய சாதனை என்று நான் கருதுவது இதையே.

அவருடைய கோதுமையில் எல்லோரும் புகழும் குட்டைத்தன்மை அவர் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் கோன்ஜிரோ இனசுகா உருவாக்கிய நோரின் 10 ரகத்திலிருந்து அது வந்தது. அதை அமெரிக்க ரகங்களோடு கலந்தவர் ஆர்வில் வோகல். அவரிடமிருந்து விதை பெற்றவர் போர்லாக். உரம் போட்டதும் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துகொண்டிருந்த பயிர், நிமிர்ந்து நின்று கதிரைத் தாங்கியது. இந்தியாவுக்கு அவரை வரவழைக்க முயன்றவர் கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன். 1966இல் 18,000 டன் மெக்சிகோ விதை இங்கே வந்தது. அதே ஆண்டு சுமார் ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்துதான் நாடு சாப்பிட்டது. 1965இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970இல் 2 கோடி டன்னை எட்டியது. இதைச் சிறிய செய்தி என்று யாரும் தள்ளிவிட முடியாது.

எதிர்த்தரப்பு காட்டுவது பஞ்சாபின் வற்றிய நிலத்தடி நீரை. அந்தக் குற்றச்சாட்டு உண்மையானது, ஆனால் போய்ச் சேரும் இடம் முழுக்கச் சரியில்லை. நீரை அதிகம் இறைத்தது கோடையில் நட்ட நெல். அதற்குத் துணைநின்றவை அரசின் உறுதியான கொள்முதலும், 1997 முதல் உழவுக்குக் கொடுத்த இலவச மின்சாரமும். இருந்தாலும், ‘அவர் விஞ்ஞானி, விதை மட்டுமே கொடுத்தார்’ என்ற வாதமும் எடுபடாது. ரசாயன உரத்துக்காகவும் உழவருக்கு நல்ல விலைக்காகவும் அமைச்சர்களிடம் நேரில் போராடியவர் அவர். கொள்கையை வடிவமைக்கக் கைகொடுத்தவருக்கு விளைவிலும் பங்குண்டு. சூழலியலாளர்களை வயிறு நிறைந்தவர்கள் என்று ஒதுக்கியது அவருடைய பெரிய குறை. அவர்கள் சொன்னவற்றில் பலவும் மண்ணிலும் நீரிலும் மெய்யாகின.

விளைச்சல் பெருகினால் பசி தீரும் என்பதையும் சோதிக்க வேண்டும். 2002இல் இந்திய அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்திருந்தது. வாங்கக் காசில்லாதவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1986 முதல் ஆப்பிரிக்காவில் அவர் நடத்திய செயல்விளக்க வயல்களில் மகசூல் பெருகியது. சாலை, கடன், உரம், சந்தை இல்லாத இடங்களில் அது வயலைத் தாண்டிப் பரவவில்லை. விதையின் எல்லை எது என்பதை இந்த இரண்டு அனுபவங்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

போர்லாக்கும் இதை ஓரளவு அறிந்திருந்தார். 1970இல் அமைதிக்கான நோபல் பரிசை ஏற்றபோது, இந்த வெற்றி தற்காலிகமானது என்றே எச்சரித்தார். அவர் வாங்கித் தந்த அவகாசத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாதவை அரசுகள். என் தீர்ப்பு இது: அந்தப் பரிசு முழுத் தகுதியோடு கிடைத்தது, பயிர்ப்பெருக்கத்தில் 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த உழைப்பாளிகளில் அவர் ஒருவர், உலகப் பசியை வென்றவர் என்ற பட்டம் மட்டும் அவருக்குப் பொருந்தாது.