டவுனரின் வலது கை

ஜாஸ் கிதாரில் மேற்கத்தியச் செவ்வியல் இசையின் தாக்கம் என்றால் பலரும் மெட்டைத்தான் தேடுவார்கள். 1937இல் பாரிஸில் பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவை ஸ்விங்காக வாசித்துப் பதிவு செய்தார்கள். கேட்கச் சுகம்தான். ஆனால் பாக் அங்கே கிராப்பெல்லி, எடி சவுத் இருவரின் வயலின்களில்தான் இருக்கிறார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதார் பக்கத்தில் நின்று தாளம் போடுகிறது.

ஜாஸ் கிதார்காரர் சார்லி பேர்ட் இன்னும் நெருங்கி வந்தார். 1954இல் இத்தாலியின் சியெனாவில் செவ்வியல் கிதார் மேதை செகோவியாவிடம் பாடம் கேட்டவர், 1962இல் சாக்ஸபோன்காரர் ஸ்டான் கெட்ஸுடன் 'ஜாஸ் சம்பா' தட்டைத் தந்தார். நைலான் தந்தியின் ஒலி அழகு. தனி ஆவர்த்தனம் வந்ததும் விரல்கள் இறுகிவிடுகின்றன என்பது என் குறை.

ரால்ஃப் டவுனரிடம்தான் அந்த இறுக்கம் தளர்கிறது. அடிப்படையில் பியானோக்காரர், இருபது வயதைத் தாண்டிய பிறகு வியன்னாவில் கார்ல் ஷைட்டிடம் கிதார் கற்றார். 1979 அக்டோபரில் மியூனிக், சூரிச் மேடைகளில் பதிவான 'சோலோ கான்சர்ட்' தட்டில் 'நார்டிஸ்' கேளுங்கள். மைல்ஸ் டேவிஸ் பெயரில் இருக்கும் மெட்டு (அவரே அதைப் பதிவு செய்ததில்லை!). பில் எவன்ஸ் பியானோ ட்ரியோவில் வருடக்கணக்கில் வாசித்துத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அந்த மூவர் வேலையை டவுனர் ஒரே கையில் பிரித்துக் கொடுக்கிறார்: கட்டைவிரலுக்கு பேஸ், மோதிரவிரலுக்கு மெட்டு, நடுவிலிருக்கும் இரண்டுக்கும் கார்ட். பிக் பிடித்தவர் தந்திக்குத் தந்தி தாவ வேண்டிய இடத்தில் இவருக்கு எல்லாம் ஒரே நொடியில் விழுகிறது. ஒவ்வொன்றின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. மெட்டு ஈ மைனரில், அரை ஸ்வரம் மேலே எஃப்பைத் தொட்டுத் திரும்புவது. கிதாரின் அடித்தந்தியே ஈ என்பதால், இடது கை மேலே அலையும்போதும் ஆதார ஸ்வரம் கைவசம் இருக்கிறது.

மீட்டுவதைவிட நிறுத்துவதில்தான் மனிதர் கெட்டிக்காரர். திறந்த தந்தியைத் தானாக அடங்க விடமாட்டார். விரல் வைத்து, வேண்டிய இடத்தில் கத்தரிப்பார். டிரம்ஸ் இல்லாமலே ஸ்விங் பிறப்பது அந்த வெட்டில். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் கூர்மை, துளைப் பக்கம் நகர்ந்தால் குழைவு. செவ்வியல் கிதார் மாணவன் ஆரம்பத்திலேயே படிக்கும் பாடம் இது. ஆம்ப்ளிஃபயர் குமிழை நம்பிய பல ஜாஸ்காரர்கள் இதைப் படிக்கவே இல்லை.

அவரது பன்னிரண்டு தந்திக் கிதாருக்கு ரசிகர்கள் அதிகம். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இரட்டைத் தந்திகளின் மினுமினுப்பில் உள்குரல்கள் மூழ்கிப்போகின்றன.