இடம் யாருக்கு? செங்கல்பட்டு வட்டாரத் திருச்சபைப் பள்ளிகளின் சேர்க்கை நெறி: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கு இந்திய அரசமைப்பின் உறுப்பு 30(1) வழங்கும் உரிமை, திருச்சபை நடத்தும் மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தம் மாணவரைத் தாமே தெரிவு செய்யும் பரந்த உரிமையைத் தருகிறது. அவ்வுரிமையின் எல்லையைப் பற்றிய விவாதங்கள் பலவாக இருப்பினும், உரிமையைப் பெற்ற பள்ளி எந்த வரிசையில் எந்த அளவுகோலைக் கொண்டு குழந்தைகளைத் தெரிவு செய்கிறது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. சென்னையின் தென்புறத்தில், தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையிலான பகுதியின் மிஷன் கல்வி வரலாற்றை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. சேர்க்கை வரிசை வெளியிடப்படாத நிலையில், எந்தக் குழந்தைகளின் பொருட்டு இப்பள்ளிகள் தம் அறநியாயத்தைப் பெற்றனவோ அக்குழந்தைகளே பின்தள்ளப்படும் வாய்ப்பு மிகுகிறது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சிறுபான்மைப் பள்ளி, மாணவர் சேர்க்கை, கல்வி உரிமைச் சட்டம், மிஷன் கல்வி, தலித் கிறிஸ்தவர், செங்கல்பட்டு

முன்னுரை

பாடலாத்ரி நரசிம்மர் கோயிலால் பெயர் பெற்ற சிங்கப்பெருமாள் கோவில், இன்று ஜி.எஸ்.டி. சாலையும் ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் பிரியும் தொழில்வட்டச் சந்திப்பாக மாறியுள்ளது. ஒருபுறம் மறைமலை நகர்த் தொழிற்பேட்டை, மறுபுறம் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி என்னும் சூழலில், வெளிமாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களும் பழைய கிராமக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து வாழ்கின்றன. இத்தகைய இடத்தில், நற்பெயர் பெற்ற ஒரு திருச்சபைப் பள்ளியில் இடம் கிடைப்பது ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறையின் போக்கையே மாற்றக்கூடியது. இடங்கள் குறைவு; கேட்போர் அதிகம். எனவே ஒருவருக்குக் கொடுப்பது மற்றொருவருக்கு மறுப்பதாகவும் அமைகிறது. அம்மறுப்பு எந்த நெறியின்படி நிகழ்கிறது என்பதே இங்கு எழும் வினா.

இரு மரபுகள்

இவ்வினா இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மறைப்பணியாளர் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளி, மறு ஆண்டிலேயே சேர்க்கைச் சிக்கலொன்றை எதிர்கொண்டது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவர்கள் அங்குப் பயில்வது தெரியவந்தபோது, அவர்களை நீக்குமாறு ஆதிக்க சாதிப் பெற்றோர் கோரினர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் பள்ளியை விட்டு விலகினர். எனினும் முடிவு மாறவில்லை. பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் கிளைப் பள்ளிகள் தோன்றியதும் இம்மரபில்தான்.

இதே நிறுவனம் 1862இல் வந்த வில்லியம் மில்லரின் தலைமையில் வேறொரு திசையில் சென்றது. சமூகத்தின் உயர்மட்டத்தில் கிறிஸ்தவச் சிந்தனையைப் பரப்பினால் அது காலப்போக்கில் எங்கும் ஊடுருவும் என்பது மில்லரின் கொள்கை. ஆதலால் உயர்சாதி இந்து மாணவர்கள் கல்லூரியை நிறைத்தனர். மறைப்பணியாளருள்ளேயே சிலர் இதனை விமர்சித்தனர்.

அதே திருச்சபை மரபைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, செங்கல்பட்டு வட்டாரத்தில் பண்ணையடிமை நிலையிலிருந்த மக்களிடையே பணியாற்றினார். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதனையொட்டி 1892 செப்டம்பர் 30இல் பிறந்த 1010ஆம் எண் அரசாணையும் அம்மக்களின் நிலவுரிமையைப் பொதுவிவாதமாக்கிய காலம் அது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகிலுள்ள மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூவின் குடியேற்ற முயற்சியின் விளைவாகும். குடியிருப்பு, நிலம், தொழிற்பயிற்சி ஆகியவற்றோடு கல்வியையும் அம்முயற்சி இணைத்தது.

ஆக, ஒரே திருச்சபை மரபு ஏறத்தாழ ஒரே பரப்பில் இரண்டு சேர்க்கை நெறிகளை உருவாக்கிற்று. ஒன்று, செல்வாக்குடையோரைச் சேர்த்து நிறுவனத்தின் பெயரை வளர்ப்பது. மற்றொன்று, வேறெங்கும் இடம் கிடைக்காதவரைச் சேர்ப்பது. திருச்சபைப் பள்ளிகள் தம் வரலாற்றைப் பேசுங்கால் இரண்டாம் மரபையே முன்னிறுத்துகின்றன. நடைமுறைச் சேர்க்கை எந்த மரபைச் சார்ந்தது என்பதே ஆய்வுக்குரியது.

சட்டம் தருவதும் தராததும்

உறுப்பு 30(1) சிறுபான்மையினர் தம் விருப்பத்திற்கேற்பக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. உறுப்பு 29(2), அரசு உதவி பெறும் நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி என்னும் காரணங்களால் மட்டும் எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது. இவ்விரண்டிற்கும் இடையிலான இழுபறியே எழுபதாண்டுக் காலத் தீர்ப்புகளின் மையம். தூய ஸ்டீபன் கல்லூரி வழக்கு உதவி பெறும் நிறுவனத்தில் சொந்தச் சமூகத்தினருக்கு 50 விழுக்காடு என்னும் உச்சவரம்பை ஏற்றது. 2002ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பை வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு நிலையான விழுக்காட்டைக் கைவிட்டு, நியாயமான அளவில் பிறரையும் சேர்க்க வேண்டும் என்றது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வேறொரு திருப்பத்தை உண்டாக்கியது. அதன் பிரிவு 12(1)(இ) தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை அண்மைப் பகுதியின் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கியது. பிரிவு 13 நன்கொடையையும், குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வுமுறையையும் தடைசெய்தது. 2014ஆம் ஆண்டு பிரமதி வழக்கில் ஐவர் அமர்வு, உதவி பெறுபவை, பெறாதவை ஆகிய இருவகைச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்றது. இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குக் கோரிய வாதம் முழுச் சட்டத்திலிருந்தும் விலக்குப் பெறும் தீர்ப்பாக முடிந்தது. வடிகட்டலைத் தடுக்கும் பிரிவு 13உம் இதனால் சிறுபான்மைப் பள்ளிகளின் வாயிலில் நின்றுவிட்டது. குழந்தையை நேர்காணல் செய்யாதிருப்பது ஒரு பள்ளியின் சிறுபான்மைத் தன்மையை எவ்வாறு குலைக்கும் என்பது விளக்கப்படாத வினாவாகவே எஞ்சுகிறது. 2025 செப்டம்பர் 1 அன்று இருவர் அமர்வு பிரமதி தீர்ப்பின் சரித்தன்மை குறித்து ஐயம் எழுப்பி, பேரமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியின் முன் வைத்தது.

டி.எம்.ஏ. பை தீர்ப்பின் இரண்டு கூறுகள் இங்கு மறுவாசிப்புக்கு உரியவை. முதலாவது, உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளின் சேர்க்கையில் அரசு தலையிடலாகாது என்பதற்கு அது கூறும் சூழல்: பள்ளி நிலையில் தகுதி அடிப்படையிலான தெரிவுக்கு நடைமுறையில் இடமே இல்லை. இரண்டாவது, சிறுபான்மை நிறுவனம் தனக்கென ஒரு சேர்க்கை முறையை வகுத்துக்கொள்ளலாம் எனினும் அம்முறை நியாயமானதாகவும் வெளிப்படையானதாகவும் இருத்தல் வேண்டும். தகுதித் தெரிவு பள்ளிக்குப் பொருந்தாது என்னும் சூழலில் தரப்பட்ட சுதந்திரத்தை, மதிப்பெண் கொண்டு தெரிவு செய்வதற்கே ஒரு பள்ளி பயன்படுத்துமாயின், அது உரிமையின் சொல்லைக் காத்துப் பொருளை இழப்பதாகும்.

அளவுகோல்களின் சார்பு

திருச்சபைப் பள்ளிகளின் சேர்க்கையில் பொதுவாக நான்கு அளவுகோல்கள் செயற்படுகின்றன: திருமுழுக்குச் சான்றும் பங்குத்தந்தை அல்லது ஆயரின் பரிந்துரைக் கடிதமும், உடன்பிறந்தார், முன்னாள் மாணவர் தொடர்பு, மதிப்பெண் அல்லது நேர்காணல், வீட்டின் தொலைவு. இவற்றுள் ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமானதாகத் தோன்றும். எனினும் ஒவ்வொன்றும் ஒரு வகைக் குடும்பத்தை முன்னே கொண்டுவருகிறது.

பரிந்துரைக் கடிதம் நம்பிக்கையை அளப்பதில்லை. சபையோடு உள்ள தொடர்பை அளக்கிறது. சந்தா நிலுவையின்றிச் செலுத்தி, ஞாயிறு தவறாது வந்து, குருவானவருக்கு முகம் அறிமுகமான குடும்பம் அதனை எளிதில் பெறும். மாற்றுப்பணி முறையில் ஞாயிற்றுக்கிழமையும் ஆலைக்குச் செல்லும் தொழிலாளியும், வேறு மாவட்டத்திலிருந்து அண்மையில் குடியேறியவரும் அதே நம்பிக்கை உடையவராயினும் அத்தாளைப் பெறுவது கடினம். சாதி வேறுபாடு சபைக்குள்ளும் கல்லறையிலும் தொடர்வதைத் தமிழகத் திருச்சபைகளே ஒப்புக்கொண்டுள்ள நிலையில், பரிந்துரைக் கடிதம் சாதியற்ற வெளியில் எழுதப்படுவதாகக் கருதவியலாது.

உடன்பிறந்தார், முன்னாள் மாணவர் முன்னுரிமை பள்ளிக்கும் குடும்பத்திற்கும் வசதியானது. ஆனால் அது கடந்த தலைமுறையின் பங்கீட்டை அடுத்த தலைமுறைக்கு அப்படியே கையளிக்கிறது. அன்று வெளியே நின்றவரின் பிள்ளை இன்றும் வெளியே நிற்கும்.

மதிப்பெண்ணின் ஆட்சி பதினோராம் வகுப்பில் உச்சம் பெறுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு முடிவதால், மேல்நிலைக் கல்வியின் வாயிலில் எந்தப் பள்ளிக்கும் அதன் பாதுகாப்பு இல்லை. அறிவியல் பிரிவுக்கும் தொழிற்கல்விப் பிரிவுக்கும் இடையே நிகழும் பகுப்பு, குழந்தையின் திறனோடு தனிப்பயிற்சிக்குச் செலவிடும் குடும்பத்தின் வலிமையையும் சேர்த்தே அளக்கிறது. மேலும், அரசு உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் கட்டணமற்ற தமிழ்வழிப் பிரிவும் கட்டணம் பெறும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. பெயர்ப்பலகை ஒன்றாயினும் வாயில் இரண்டு. ஆகவே ‘இடம் கிடைத்தது’ என்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. எந்தப் பிரிவில் கிடைத்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

எண்ணிக்கை மறைப்பவை

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, கிறிஸ்தவப் பள்ளிகளில் பயில்வோருள் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் கிறிஸ்தவரல்லாதவர் என்றும், சிறுபான்மைப் பள்ளிகளில் சமூக, பொருளாதார நிலையில் நலிந்தோர் 8.76 விழுக்காட்டினரே என்றும் கூறியது. முதல் எண், திருச்சபைப் பள்ளிகள் தம் சமூகத்தாரை மட்டும் சேர்க்கின்றன என்னும் குற்றச்சாட்டைத் தகர்க்கிறது. இரண்டாம் எண் அவற்றின் தற்பெருமையைத் தகர்க்கிறது. மதவாயில் திறந்திருக்க, வர்க்கவாயில் ஒருக்களித்திருக்கிறது.

இவ்வெண்களை எடைபோடும்போதும் கவனம் தேவை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியால் தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஆதலால் ‘கிறிஸ்தவர் இத்தனை பேர்’ என்னும் கணக்கிலும் ‘பட்டியல் சாதியினர் இத்தனை பேர்’ என்னும் கணக்கிலும் தலித் கிறிஸ்தவக் குழந்தை தனித்துத் தெரிவதில்லை. அரசு காணாத அக்குழந்தையைக் காணக்கூடிய நிலையில் இருப்பது பள்ளியின் சொந்த நெறி ஒன்றே. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை இப்பொறுப்பைத் திருச்சபையின் பொறுப்பாக ஏற்றது. அவ்வேற்பு ஒரு பள்ளியின் சேர்க்கை வரிசையில் எத்தனையாவது இடத்தில் எழுதப்பட்டுள்ளது என்பதே அதற்கான சோதனை.

ஓர் ஒப்பீடும் ஒரு மறுப்பும்

இங்கிலாந்திலும் அரசு நிதியில் இயங்கும் திருச்சபைப் பள்ளிகள் சமய அடிப்படையில் முன்னுரிமை தரலாம். ஆனால் இடத்தைவிட விண்ணப்பம் மிகும்போது பின்பற்றும் வரிசையை அவை முன்னதாகவே வெளியிட வேண்டும். தம் சமயத்தைச் சேர்ந்த பிற குழந்தைகளுக்கு முன்பாக, அச்சமயத்தைச் சேர்ந்த, அரசின் பராமரிப்பிலுள்ள குழந்தைகளுக்கு இடமளிக்க வேண்டும். விடுதிப் பள்ளி நீங்கலாக நேர்காணல் கூடாது. பெற்றோர் பள்ளிக்கோ திருச்சபைக்கோ அளிக்கும் பொருளுதவியை முன்னுரிமைக்குக் காரணமாக்கவும் கூடாது. வரிசையின் மீது ஐயமுடையோர் தனித் தீர்ப்பாளரிடம் முறையிடலாம். அங்கும் வசதியுள்ள பெற்றோர் இடத்திற்காகவே ஆலயம் செல்லும் நிலை விமர்சிக்கப்படுகிறது. எனினும் விமர்சிப்பதற்கு அங்கு எழுதப்பட்ட வரிசை ஒன்று இருக்கிறது.

இதற்கு வலுவானதொரு மறுப்பு உண்டு. பெரும்பான்மைவாதம் வளரும் காலத்தில் சேர்க்கையில் வெளித்தலையீட்டுக்கு வழிவிடுவது சிறுபான்மை நிறுவனங்களின் இருப்பையே ஆபத்துக்குள்ளாக்கும் என்பதே அது. ஆணைய அறிக்கையின் நோக்கம் குறித்தும் இதே ஐயம் எழுப்பப்பட்டது. இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் அது அரசு விதிக்கும் ஒதுக்கீட்டுக்கு எதிரான வாதமேயன்றி, பள்ளி தானே வகுத்த வரிசையைத் தானே வெளியிடுவதற்கு எதிரான வாதமன்று. மறைக்கப்பட்ட வரிசை ஊகத்திற்கும் அவதூறுக்கும் இடமளிக்கிறது. வெளியிடப்பட்ட வரிசை உரிமைக்கு அரணாகிறது.

முடிவுரை

திருச்சபைப் பள்ளி தன் சமூகத்துக் குழந்தைக்கு முன்னுரிமை தருவது குற்றமன்று; அவ்வுரிமையின் பொருளே அதுதான். அம்முன்னுரிமைக்குள் எந்தக் கிறிஸ்தவக் குழந்தை முதலில், எஞ்சும் இடங்களில் எந்த அண்டைவீட்டுக் குழந்தை முதலில் என்பவையே விடை வேண்டி நிற்பவை. சபைத் தொடர்பை அளக்கும் கடிதத்திற்குப் பதிலாகத் திருமுழுக்குச் சான்று மட்டும் போதுமெனக் கொள்ளுதல், முதல் தலைமுறையாகப் பயில வருவோர்க்கும் தலித் கிறிஸ்தவர்க்கும் வரிசையில் வெளிப்படையான இடம் அளித்தல், சமநிலையில் உள்ளோரிடையே தொலைவையோ குலுக்கலையோ பின்பற்றுதல், இரு பிரிவுகளின் சேர்க்கைக் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிடுதல் ஆகியவை புதுச்சட்டம் ஏதுமின்றிப் பள்ளிகளால் இன்றே இயல்பவை.

1838இல் ஆண்டர்சன் எதிர்கொண்ட வினாவை எந்தச் சட்டமும் அவருக்காகத் தீர்த்துவைக்கவில்லை. நிறுவனத்தின் நலன் ஒருபுறமும் சில சிறுவரின் இருக்கை மறுபுறமும் நின்றபோது அவரது பள்ளி இருக்கையைத் தெரிவு செய்தது. பேரமர்வு எவ்வாறு தீர்ப்பளிப்பினும், தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையிலான பள்ளிகளின் முன் ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்திலும் அதே தெரிவு மீண்டும் வந்து நிற்கிறது.