'வகுப்பறையில் பிக்மேலியன்': ஓர் ஆய்வின் மீது ஓர் ஆய்வு

ஆசிரியர் நம்பினால் மாணவன் உயர்வான் என்பதற்குச் சான்றாக, ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட 'வகுப்பறையில் பிக்மேலியன்' என்னும் நூலை நம் கருத்தரங்குகளில் எடுத்துரைப்பது வழக்கம். நூல் அவ்வளவும் சொல்லுகிறதா?

சோதனையின் அமைப்பு சீரியது. கலிபோர்னியாவில், ஜேக்கப்சன் அம்மையார் தலைமையேற்றிருந்த தொடக்கப்பள்ளியில், பிள்ளைகளுக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்தனர். பின்னர் ஐந்தில் ஒரு பங்கினரின் பெயர்களை ஆசிரியர்களிடம் தந்து, இவர்கள் இவ்வாண்டில் மலரப்போகிறவர்கள் என்றனர். உண்மையில் அப்பெயர்கள் சீட்டுக் குலுக்கியது போல் எடுக்கப்பட்டவை. முறையின் நுட்பம் இங்கேதான் உளது. கெட்டிக்காரப் பிள்ளையை ஆசிரியர் மெச்சுகிறார்; மெச்சப்பட்ட பிள்ளை மேலும் கெட்டிக்காரனாகிறான். எது காரணம், எது காரியம்? வெறுமனே பார்த்திருந்தால் பிரித்தறிய இயலாது. குலுக்கல் அம்முடிச்சை அவிழ்க்கிறது.

ஓராண்டு கழித்து, முதல் வகுப்பில் பெயர் குறிக்கப்பட்டோர் சராசரி 27 புள்ளிகள் உயர்ந்தனர், ஏனையோர் 12. இரண்டாம் வகுப்பிலும் வேற்றுமை தெரிந்தது. மூன்று முதல் ஆறு வரை சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. மேடைப் பேச்சாளர் இவ்விறுதிச் செய்தியை விழுங்கிவிடுகின்றனர்!

எண்களும் ஐயத்திற்கு உரியன. ராபர்ட் தார்ண்டைக் தம் மதிப்புரையில், முதல் வகுப்பொன்றின் 19 பிள்ளைகள் பகுத்தறியும் பகுதியில் பெற்ற சராசரி ஈவு சுமார் 31 என்றிருப்பதைச் சுட்டினார். அத்துணைக் குறைந்த ஈவினர் தேர்வுத்தாளில் அமர்ந்து எழுதுவதெங்ஙனம்? அத்தேர்வு அச்சிறு வயதினர்க்குப் பொருந்தவில்லை என்பதே பொருள். ஓட்டைப் படியால் அளந்த நெல்லுக்குக் கணக்கெழுதி என்ன பயன்?

அதற்காக ஆய்வை ஒதுக்கிவிடவும் கூடாது. 1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் இத்தகைய 18 சோதனைகளை ஒருங்கு வைத்து நோக்கினார். ஆசிரியர் இரண்டு வாரத்திற்கு மேல் மாணவரோடு பழகியிருந்த இடங்களில் பொய்க்குறிப்பு எடுபடவில்லை. பழகாத இடங்களிலேதான் எடுபட்டது. மூல நூலைவிட இதுவே நமக்கு வேண்டிய செய்தி என்பேன். தோட்டப் பள்ளி சிறியது; பிள்ளை வகுப்பில் கால் வைக்குமுன்பே, "இவன் அண்ணனையும் நான்தான் படிப்பித்தேன்" என்ற சொல் ஆசிரியர் அறையில் உலவிவிடுகிறது. சொல் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அது பெரிதும் வேலை செய்யும் காலம் அந்த முதல் இரண்டு வாரமே என்று கொள்கிறேன்.

என் பள்ளியில் முதலாம் ஆண்டு ஆசிரியைக்குப் பாலர் பள்ளிக் குறிப்புகளை மூன்றாம் வாரத்தில்தான் கொடுக்கிறேன். அதற்கு முணுமுணுப்பும் உண்டு.