படுகளத்துத் துரியோதனன்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தெருக்கூத்தில் வில்லன் என்றால் துரியோதனன்தான். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த அவன் எடுத்த எடுப்பில் முகம் காட்டுவதில்லை. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்து தன் பெருமையைப் பாடிய பிறகே வெளிப்படுவான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவனைப் புகழ்ந்துகொண்டே கேலியும் செய்வான். அந்தக் கேலி துரியோதனனின் மிடுக்கைக் கூட்டுகிறதே தவிர குறைப்பதில்லை.

திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போரன்று படுகளமாகும் ஊர்ப்பொட்டலில் மண்ணாலான அவனுடைய பேருருவம் மல்லாந்து கிடக்கும். வேடமிட்ட பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றியே மோதுவார்கள். அடிபடுவது மண் தொடை. அங்கே வைத்த செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி வழிபாட்டின் மூலத்தலம் என்னும் மரபை ஆய்வாளர் அல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்தார். படுகளத்தில் வீழ்ந்த துரியோதனனுக்குச் சில ஊர்களில் ஒப்பாரியும் உண்டு.