எலுமிச்சையும் வாழைப்பழமும்

கருவின் முதுகெலும்பிலுள்ள சிறு பிளவை ஸ்கேன் திரையில் நேராகப் பிடிப்பது கடினம். 1986இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் கிப்ரோஸ் நிகோலைடிஸ் குழு, முதுகை விட்டுத் தலையைப் பார்க்கச் சொன்னது.

ஸ்பைனா பிஃபிடா எனும் இந்தப் பிளவு உள்ள சிசுவுக்கு நெற்றியெலும்பு இருபுறமும் உள்வாங்கும். மண்டையின் குறுக்குவெட்டு எலுமிச்சை போலத் தெரியும். பிளவு வழியே மூளைத் திரவம் கசிவதால், சிறுமூளை கீழே இழுபட்டு வாழைப்பழமாக வளையும்.

பழப்பெயர் சூட்டியதில் கெட்டிக்காரத்தனம் உண்டு; ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை.

எலுமிச்சை மட்டும் தெரிந்தால் அவசரப்படக் கூடாது. இயல்பான சிசுக்களிலும் சிலசமயம் அது தோன்றும்; 24 வாரத்துக்குப்பின் பெரும்பாலும் மறைந்துவிடும். வாழைப்பழமே நம்பகமான சாட்சி.

காலத்தோடு கண்டால் பலனுண்டு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26 வாரத்துக்குள் கருப்பையிலேயே பிளவை மூடிய குழந்தைகளில், மூளைநீர் வடிகுழாய் தேவைப்பட்டோர் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தனர்.