வண்ணக் கண்ணாடி: மூன்று மரபுகள், மூன்று அளவுகோல்கள்

கௌதள்ளி, மார்ட்டள்ளிப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1897இல் மர அரண்மனை எரிந்துபோக, ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் நிறைவேறிய கட்டடம் அது. அதன் எண்கோணக் கல்யாண மண்டபத்தின் உச்சியில், கிளாஸ்கோவிலிருந்து வந்த கண்ணாடியில் மயில்கள் தோகை விரித்திருக்கின்றன. அதே நகரில், 1933இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித பிலோமினா பேராலயத்தின் சாளரங்களில் இயேசுவின் பிறப்பும் இராவுணவும் உயிர்ப்பும் பிரான்சுக் கண்ணாடியில் ஒளிர்கின்றன. இரண்டுமே பகலை நம்பிய வேலைகள்.

இது முதல் மரபு. ஒளி ஊடுருவும் தகடுகளை வெட்டி ஈயப் பட்டையில் கோப்பார்கள். முகம், விரல், துணி மடிப்பு ஆகியவற்றை உலோக ஆக்சைடு மையால் தீட்டி உலையில் சுடுவார்கள். நிறம் தெளிவாக இருக்கிறதா, தீட்டிய கோடு காலத்துக்கும் அழியாமல் நிற்கிறதா என்பவைதான் இங்கே அளவுகோல். பொழுது சாய்ந்து உள்ளே விளக்கேற்றினால் சாளரம் கறுத்துவிடும்.

இரண்டாம் மரபு அமெரிக்காவில் பிறந்தது. 1880இல் ஜான் லா ஃபார்ஜ் பால்கண்ணாடிச் சாளரத்துக்குக் காப்புரிமை பெற்றார். லூயிஸ் டிஃபனி அதை ஊரறியச் செய்தார். ஃப்ளோரைடு போன்ற பொருள் சேர்ந்த கண்ணாடி ஆறும்போது உள்ளே நுண்படிகங்கள் விளைந்து ஒளியைச் சிதறடிக்கும். அதனால் தகடு பால் கலங்கினாற்போல் தெரியும். இந்த மரபினர் தூரிகையை அதிகம் தொடவில்லை. மேகத்தையும் துணி மடிப்பையும் தகட்டின் வரிகளிலேயே தேடி எடுத்தார்கள். பெரிய தகட்டில் அந்த வரி ஓடும் இடத்தை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவைப்பது இங்கே வீண்செலவில் சேராது. இண்டியானாவின் கோக்கோமோவில் 1888இல் தொடங்கிய ஆலை இன்றும் இத்தகைய தகடுகளை உருட்டுகிறது.

பால்கண்ணாடித் தகட்டை வாங்குகிறவர் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மட்டும் போதாது. மேசையில் கிடத்தி, மேலிருந்து விழும் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். சில தகடுகள் இரண்டு நிலையிலும் வெவ்வேறு நிறம் காட்டும். மேசை விளக்குக் கூண்டுக்கு அரைகுறையாக ஒளி விடும் தகடு நல்லது: பல்பின் உருவம் தெரியாமல் வெளிச்சம் சீராகப் பரவும். பின்னால் ஒளியே இல்லாத சுவர்ப்பலகைக்கு அடர்ந்த தகடு வேண்டும்.

மூன்றாம் மரபு சூளை மரபு. தகடுகளை அடுக்கி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒன்றாக்குவது. 1974இல் போர்ட்லாந்தில் தொடங்கிய புல்ஸ்ஐ ஆலை இதற்கென ஒன்றோடொன்று ஒத்துப்போகும் தகடுகளைத் தயாரித்தது. இங்கே அழகுக்கு முன்னால் பொருத்தம் பார்க்க வேண்டும். சந்தையில் 90 என்றும் 96 என்றும் சொல்லும் எண்கள் வெப்பத்தில் கண்ணாடி விரியும் அளவைக் குறிப்பவை. இவ்விரண்டையும் கலந்தால், 300 டிகிரி ஆறுவதற்குள் மீட்டருக்குச் சுமார் 0.18 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். மயிரிழைதான், ஆனாலும் தகடு விரிசல் விட அது போதும், சில வேளை பல நாள் கழித்துக்கூட. ஜன்னல் கண்ணாடி இந்த இரண்டோடும் சேராது.

சந்தேகமிருந்தால் தெளிந்த அடித்தகட்டின்மேல் சிறு துண்டை வைத்து உருக்கி, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகளுக்கு நடுவே பிடித்துப் பார்க்கலாம். துண்டைச் சுற்றி வெண்ணிற ஒளி படர்ந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. அந்த ஜோடி வேண்டாம். சில தகடுகளின் உண்மை நிறம் சுட்ட பிறகே வெளிவரும். கந்தகம் உள்ள மஞ்சளும் செம்பு உள்ள நீலப்பச்சையும் தொடும் இடத்தில் பழுப்புக் கோடு விழும். தெரிந்தவர் அதையே அலங்காரமாக்குவார்.

ஆகவே கடையில் நிறத்தில் மயங்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: வேலை முடிந்து மாட்டும் இடத்தில் ஒளி எந்தப் பக்கமிருந்து வரும்? இந்தத் தகடு சூளைக்குள் போகுமா, ஈயப் பட்டைக்குள் நிற்குமா? விடை தெரிந்தவருக்குப் பாதித் தகடுகள் தாமாகவே விலகிவிடும்.