ஆயா சம்பளம் யார் கணக்கில்?

தெங்கேரா, செங், பத்து பெரண்டாம் என மலாக்கா நகரைச் சுற்றி வீடுகளிலும் கடைவீடுகளிலும் சிறு குழந்தைப் பராமரிப்பு மையங்கள், அதாவது தஸ்காக்கள், நடக்கின்றன. இவற்றில் லாபம் பார்க்கும் வழக்கமான முறை எளிது. பிள்ளைகளின் எண்ணிக்கையை மாதக் கட்டணத்தால் பெருக்க வேண்டும், சம்பளம், வாடகை, சாப்பாடு, மின்சாரம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவது லாபம். இதைத் தலைக்கணக்கு எனலாம். மையத்தை நடத்த இது எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே கவிழ்க்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் இதன் பலம். 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொண்டால், அந்த இடம் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். ஒரு வயது நிறையாத மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் (ஆயா), ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்பது விதி. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆள் என்பதைச் சட்டமே சொல்லிவிடுவதால், தலைக்கணக்கு போடத் தனியாகக் கணக்காளர் தேவையில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பும் வரவு செலவும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. ஆள் சேர்க்க வேண்டிய நேரத்தையும் அது காட்டிவிடுகிறது.

எல்லா வயதையும் ஒரே சராசரியாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளியாக இருந்தது. 2025இல் 1,700 ஆனது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அவ்வாண்டு ஆகஸ்டு வரை அவகாசம் கிடைத்தது. இந்தச் சம்பளத்தோடு முதலாளி செலுத்தும் 13 விழுக்காட்டு சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வேலைக் காப்புறுதி ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு பராமரிப்பாளருக்கு மாதம் ஏறத்தாழ 1,950 வெள்ளி ஆகும். அதைப் பங்கு பிரித்தால், ஆள் செலவு மட்டும் கைக்குழந்தைக்கு 650, நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு 390, மூன்று வயது கடந்த பிள்ளைக்கு 195 வெள்ளி.

ஒரு மையம் எல்லா வயதுக்கும் 400 வெள்ளி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று அறை, மூன்று ஆயா, பதினெட்டுப் பிள்ளைகள். வரவு 7,200, ஆள் செலவு 5,850, மிச்சம் 1,350. இதிலிருந்துதான் வாடகையும் சாப்பாடும் போக வேண்டும். அறை அறையாகப் பிரித்தால் கைக்குழந்தை அறையில் 750 வெள்ளி பள்ளம். நடு அறையில் 50 வெள்ளி மிச்சம். பெரிய பிள்ளைகளின் அறையில் 2,050 மிச்சம். பெரிய பிள்ளைகளின் பெற்றோர் தங்களுக்குத் தெரியாமலேயே கைக்குழந்தைகளுக்குக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கணக்கு இதை மூடி மறைத்துவிடுகிறது. கைக்குழந்தைக்கு ஐம்பதோ நூறோ கூட்டி வாங்கினாலும் பள்ளம் தூராது.

அடுத்த குறை, ஆள் செலவு சிறிது சிறிதாக அல்லாமல் படி தாண்டுவதுபோல் ஒரேயடியாக ஏறுவது. பஸ் கிளம்பிவிட்டால் ஒருவர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் டிரைவர் சம்பளம் ஒன்றுதான்; பஸ் நிரம்பிவிட்டால் அடுத்தவருக்காக இன்னொரு பஸ்ஸும் டிரைவரும் வேண்டும். மையத்திலும் அப்படித்தான். நான்காவது கைக்குழந்தையைச் சேர்த்தால் வரவு 400 கூடும். ஆனால் புது ஆயாவுக்கு 1,950 வேண்டும். 1,350 மிச்சம் இருந்த மையம், வாடகை கொடுக்கும் முன்பே 200 வெள்ளி நட்டத்தில் நிற்கும். இந்த இடத்தில்தான் ‘இன்னும் ஒரு பிள்ளைதானே’ என்று விதியை மீறும் ஆசை வருகிறது. ஒரே ஆயாவிடம் நான்கு, ஐந்து கைக்குழந்தைகளை விடும் மையம் கெட்ட மனத்தால் அப்படிச் செய்வதாக எப்போதும் சொல்ல முடியாது. தவறான கணக்கும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பிள்ளைகள் நான்கு வயதில் பாலர் பள்ளிக்குப் போய்விடுவதையும் இந்த முறை கணக்கில் கொள்வதில்லை. மையத்தைத் தாங்குவது பெரிய பிள்ளைகளின் அறை. முதலில் காலியாவதும் அதுதான். பத்துப் பேரில் நால்வர் போனால் வரவில் 1,600 குறையும்; மீதி ஆறு பேருக்கும் ஓர் ஆயா வேண்டும் என்பதால் செலவு அப்படியே நிற்கும். மிச்சம் 1,350 என்பது 250 பள்ளமாக மாறும். ஆண்டு நடுவில் லாபம் காட்டிய கணக்குப் புத்தகம், புதிய பள்ளியாண்டு பிறந்ததும் வேறு கதை சொல்லும்.

நேரம் இன்னொரு ஓட்டை. தொழிற்சாலைக்குப் போகும் தாய் காலை ஏழுக்கு விட்டு மாலை ஆறரைக்கு அழைத்துப்போனால், வாரம் ஐந்து நாளில் 57.5 மணி நேரம். 2023 முதல் வேலைச் சட்டம் அனுமதிக்கும் வார வேலை நேரம் 45 மணி. ஆக, ஓர் ஆயாவின் இடத்தை நிரப்ப 1.28 ஆள் வேண்டும். கைக்குழந்தைக்கு 650 என்றது உண்மையில் 830 வெள்ளி. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுத்துச் சமாளித்தால் அதைவிட ஏறும்.

எல்லாவற்றிலும் பெரிய மறைப்பு, உரிமையாளரின் உழைப்பு. மூன்று ஆயாக்களில் ஒருவராக அவரே நின்றால் 1,950 வெள்ளி ‘லாபம்’ கூடியதுபோல் தெரியும். அது லாபமல்ல, அவருடைய கூலி. அவர் நோயில் படுத்தால் ஆள் வைத்தாக வேண்டும். அப்போது மையம் நட்டத்தில் ஓடுவது வெளியே வந்துவிடும்.

அப்படியானால் கைக்குழந்தைக்கு 830 வெள்ளி கேட்டுவிடலாமா? குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தாய்க்கு அது வருமானத்தில் ஏறக்குறையப் பாதி. பதிவு பெற்ற மையத்துக்குச் செலுத்தும் கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு. ஆனால் மாதம் 1,700 வாங்குபவர் வருமான வரி கட்டும் நிலையிலேயே இல்லாததால் அந்தச் சலுகை அவரை எட்டாது.

இந்தச் சுமை எப்போதும் தாயின் தலையில் இருந்ததில்லை. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு ஆயாக் கொட்டகை தெரியும். அம்மா விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனபோது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் சம்பளம் தோட்ட நிர்வாகத்தின் செலவுப் புத்தகத்தில் இருந்தது. தொழிலாளர்களுக்கான 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் பொறுப்புகளில் ஒன்றாகவே பேசுகிறது. அந்தக் கொட்டகைகளில் குறைகள் ஏராளம். அவற்றைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நியாயம் இருந்தது: தாயின் உழைப்பால் பயனடைந்தவர் ஆயாவின் சம்பளத்தைக் கொடுத்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது ஆயாவின் தேவை மறையவில்லை. சம்பளம் மட்டும் தாயின் கைக்கும் தஸ்கா நடத்தும் பெண்ணின் முதுகுக்கும் மாறிவிட்டது.

எனவே தலைக்கணக்கை ஆள் வைப்பதற்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்; லாபத்தின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. மையம் நடத்துவோர் தம் சம்பளத்தை முதல் செலவாக எழுத வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனி வரவு செலவு போட வேண்டும். மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய பிள்ளைகள் போகும் மாதத்துக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும். அப்படிப் போட்ட கணக்கும் கைக்குழந்தை அறையில் பள்ளத்தைத்தான் காட்டும்; அதை ஒரு பெண்ணின் கூலியில்லா உழைப்பால் நிரப்பச் சொல்வது நியாயமில்லை. ஊழியர்களின் குழந்தைப் பராமரிப்புக்கு முதலாளிகள் செலவிட்டால் வருமான வரியில் இரட்டைக் கழிவு பெறும் வழி ஏற்கெனவே இருக்கிறது. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தாய்மார்களும் அவர்களின் தொழிற்சங்கங்களும் அதை நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.